ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு முகம்

"நுரை வராதுங்ணா. வராம இருக்கறதுதான் உங்க மூஞ்சிக்கு நல்லது" என்று மருந்துக் கடை அம்மாள் இரண்டாவது முறையாகச் சொல்லிவிட்டு, பக்கத்தில் நிற்பவருக்குச் சர்க்கரை மாத்திரை எடுக்க உள்ளே போய்விட்டார். நுரை வராத ஒன்றைப் போட்டுக் கழுவினால் கழுவினோம் என்று எப்படித் தெரியும்? ஐம்பத்துநான்கு வருஷமாகச் சோப்பு என்றால் நுரை, நுரை என்றால் சுத்தம் என்று இருந்துவிட்டேன். கண்ணாடி மேஜைமேல் மூன்றை எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார், வெள்ளைப் பாட்டில் ஒன்று, வெளிர்நீலப் பாட்டில் ஒன்று, பிதுக்குகிற ட்யூப் ஒன்று. மூன்றிலும் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. யார் படிப்பதற்காக இவ்வளவு பொடியாக அச்சடிக்கிறார்கள்? மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்க்கிறேன். சோப்பு இல்லாதது, வாசனை சேர்க்காதது, ஆல்கஹால் இல்லாதது. இந்த மூன்றாவதை மட்டும் கத்தரித்து எடுத்து என் சட்டைப் பையில் குத்திக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்றால் என்ன? ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு என் மகள் சிந்துஜாவைப் பெண் பார்க்கப் பெருந்துறையிலிருந்து வருகிறார்கள். இன்றைக்கு வெள்ளி. அவளைப் பார்ப்பதற்கு முன்னால் என்னைத்தான் பார்ப்பார்கள், வாங்க வாங்க என்று வாசலில் கும்பிடப் போகிறவன் நான்தானே. கும்பிட்ட கைக்கு மேலே என் மூக்கு இருக்கும், அதற்கு இரண்டு பக்கமும் கன்னம் இருக்கும், மூன்றும் பழுத்த மிளகாய் நிறத்தில் இருக்கும். உடனே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பார்வை எனக்கு மனப்பாடம். ஆள் தண்ணி போடுவான் என்று அர்த்தம். நான் என் வாழ்நாளில் ஒரு சொட்டுக்கூட நாக்கில் வைத்தவன் இல்லை.

அலமாரிக்குப் பின்னால் கண்ணாடி பதித்து வைத்திருக்கிறார்கள், பாட்டில்கள் இரண்டு மடங்காகத் தெரியட்டும் என்று. அதில் நானும் தெரிகிறேன், ஷாம்புக்களுக்கு நடுவில். இங்கே வந்து நின்று பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, அதற்குள் கன்னம் ஏறிவிட்டது. மூக்கின் ஓரத்தில் நூல் நூலாக நரம்பு, கன்னத்தில் பொரிப்பொரியாக நாலைந்து. யாரோ பக்கத்தில் அடுப்பைப் பற்றவைத்த மாதிரி உள்ளுக்குள் சூடு. தோல் டாக்டர் இதற்கு ரோசேசியா என்று பெயர் சொன்னார். பெயரைக் கேட்டால் யாரோ வெள்ளைக்காரப் பெண்பிள்ளை என்று நினைக்கத் தோன்றும். முழுசாகப் போகாது, அடக்கி வைக்கலாம் என்றார். வெயில் ஆகாது, அடுப்பு ஆகாது, கொதிக்கிற டீ ஆகாது, காரம் ஆகாது என்று சொல்லிக்கொண்டே வந்தவர் கடைசியாக, கோபப்படாதீங்க என்றார். அப்போதே எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபப்பட்டால் முகம் சிவக்கும், சிவந்த முகத்தைப் பார்த்து ஊர் ஒன்று நினைக்கும், ஊர் நினைப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் இன்னும் சிவக்கும். இதில் எந்த இடத்தில் நான் இறங்குவது? செக்கு மாடாவது ஆறு மணி ஆனால் அவிழ்த்துவிடப்படும். டாக்டரைக் குறை சொல்லக் கூடாது, அவர் மட்டும்தான் என்னைப் பார்த்தவுடன் நீங்க குடிப்பீங்களா என்று நேராகக் கேட்டார். இல்லை என்றேன். சரி என்று எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். ஒரு மனுஷன் கேட்டார், நான் சொன்னேன், அவர் நம்பினார். வெளியே வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது, செருப்பைத் தேடுகிற மாதிரி கொஞ்ச நேரம் குனிந்தே நின்றேன். மற்றவர்கள் யாரும் கேட்பதில்லை. கேட்டால்தானே சொல்ல முடியும்? கேட்காமலே தீர்ப்பு எழுதுகிறவர்களிடம் எங்கே போய்ச் சாட்சி சொல்வது?

மஞ்சள் மண்டியில் இருபத்தொன்பது வருஷமாகத் தரம் பார்க்கிறேன். மூட்டையில் குத்தூசி போட்டு மாதிரி எடுத்தால் வெளித் தோலை நான் பார்ப்பதே இல்லை. வெளித் தோலை எவன் வேண்டுமானாலும் பாலிஷ் போட்டு மினுக்கிவிடுவான். மஞ்சள் விரல் ஒன்றை எடுத்துப் பட்டென்று ஒடித்து உள்ளே என்ன நிறம், என்ன மணம், சத்தம் எப்படி என்று பார்ப்பேன். நான் ஒடித்துப் பார்த்து நல்ல சரக்கு என்றால் ஏலத்தில் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. அப்படிப்பட்ட நான் என் மூஞ்சியை யாரிடம் கொடுத்து ஒடித்துப் பார்க்கச் சொல்வது? மண்டித் தூசியும் முகத்துக்கு ஆகாதுதான். அது போதாது என்று வீட்டில் ருக்மணி வேறு. என் மனைவிக்கு உலகத்தில் உள்ள எல்லா நோய்க்கும் மஞ்சள்தான் மருந்து. கஸ்தூரி மஞ்சளைத் தயிரில் குழைத்து அரை மணி நேரம் என் முகத்தில் அப்பி உட்காரவைத்தாள். கழுவினால் மஞ்சள் ஒரு பக்கம் போகவில்லை, சிவப்பு ஒரு பக்கம் ஏறிவிட்டது, மறுநாள் மண்டிக்குப் போனால் மூட்டை தூக்குகிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அப்புறம் கடலை மாவு. அப்புறம் எலுமிச்சம் பழம் தேய்த்தாள், அன்றைக்கு நான் கத்திய கத்தல் மூன்று வீடு தள்ளிக் கேட்டிருக்கும், பார்த்தாயா குடித்துவிட்டுச் சண்டை போடுகிறான் என்று அந்த மூன்று வீட்டிலும் பேசிக்கொண்டிருப்பார்கள். வேப்பிலை சோப்பு, ஆஸ்பத்திரி வாசனை அடிக்கிற சிவப்பு சோப்பு, ஆண்களுக்கு என்றே விற்கிற கறுப்பு ட்யூப். அந்தக் கறுப்பு ட்யூபைச் செய்தவனை நேரில் பார்க்க வேண்டும். கரி போட்டிருக்கிறானாம், மணல் மாதிரி எதையோ போட்டிருக்கிறானாம், மேலே கற்பூரம் மாதிரி ஜில்லென்று ஒன்று. ஆம்பிளை மூஞ்சி என்றால் ஈயம் பூச வந்த பாத்திரமா? இரண்டு நாள் தேய்த்தேன், தோல் உரிந்து தண்ணீர் பட்டாலே எரிந்தது. இத்தனையையும் தேய்த்தவன் நான்தான். எனக்கு யார்மேல் கோபம் வர வேண்டுமோ அவன் கண்ணாடியில் ஷாம்புக்களுக்கு நடுவில் நிற்கிறான்.

பெருந்துறைக்காரர்கள் இரண்டாவது இடம். முதல் இடம் போன தையில் வந்தது, பவானிப் பக்கம். வந்தார்கள், உட்கார்ந்தார்கள், பையனின் தகப்பனார் என்னைப் பார்த்தார், பிறகு தன் பெண்டாட்டியைப் பார்த்தார். ருக்மணி வைத்த கேசரியை ஒருவர்கூடத் தொடவில்லை. சர்க்கரை வியாதி என்றார் ஒருவர். வந்த ஏழு பேருக்குமா சர்க்கரை வியாதி? யோசிச்சுச் சொல்றமுங்க என்று கும்பிட்டுவிட்டுப் போனவர்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். பிறகுதான் தெரிந்தது, போகும்போது எங்கள் தெருமுனை டீக்கடையில் வண்டியை நிறுத்தி விசாரித்திருக்கிறார்கள். பெண் எடுக்கிற வீட்டைப் பற்றித் தெருவில் விசாரிப்பது ஊர் வழக்கம்தான், நானும் விசாரித்தவன்தான், தப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் யாரிடம் விசாரிக்கிறார்கள் பாருங்கள். கொதிக்கிற டீ ஆகாது என்று நான் அந்த டீக்கடைக்குப் போவதை நிறுத்தி ஒரு வருஷம் ஆகிறது. டீ குடிக்க வராதவன் வேறு எங்கேயோ குடிக்கப் போகிறான் என்று அவன் கணக்குப் போட்டிருக்கிறான். சாயங்காலமானா மூஞ்சி செவந்து போய்த்தான் வருவாருங்க, ஆனா யாரு வம்புக்கும் போக மாட்டாருங்க என்றானாம். நல்லது சொல்கிறானாம் நல்லது. ருக்மணியின் அண்ணன் ஈஸ்வரமூர்த்தி இதை என்னிடம் வந்து சொல்லிச் சிரித்தார். அவர் சிரிக்கலாம். சனிக்கிழமை தவறாமல் குடிக்கிறவர் அவர், தோட்டத்து மோட்டார் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு குடிப்பார், ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துத் திருநீறு பூசி வெள்ளை வேட்டியோடு வந்து நின்றால் உரித்த முட்டை மாதிரி இருக்கும் முகம். எந்தக் கல்யாணத்திலும் அவரைத்தான் முன்னால் உட்காரவைக்கிறார்கள். எங்கள் வீட்டுப் பேச்சுவார்த்தையும் அவர்தான் பேசுகிறார், பார்வைக்கு லட்சணமாக இருக்கிறாராம். வயிறு எரிகிறது. முகத்தில் எரிவது போதாது என்று வயிறும் எரிகிறது.

மத்தியானம் அவர்தான் போன் பண்ணினார். "மாப்ள, ரெண்டு நாளைக்கு அந்த வெள்ளக் க்ரீமைப் பூசுங்க. ஞாயித்துக்கெழம காலைல பாருங்க, புது மாப்ள மாதிரி இருப்பீங்க. அவங்க வந்துட்டுப் போனாப் போதும், அப்பறம் எப்படியோ ஆவட்டும்" என்றார். அந்த க்ரீம் எனக்குத் தெரியாததா? இரண்டு வருஷம் பூசியிருக்கிறேன். வேறொரு கடையில் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவனாகவே எடுத்துக் கொடுத்தான், சீட்டுக் கேட்கவில்லை, எத்தனை நாள் என்று சொல்லவில்லை. ஒரே ராத்திரியில் சிவப்பு அடங்கியது, சாமி கும்பிடாத குறைதான். நிறுத்தினால் இரண்டு மடங்காக வரும், மறுபடி பூசினால் அடங்கும், அடங்கினால் நிறுத்துவேன், நிறுத்தினால் வரும். பழகிவிட்டது. குடிகாரனுக்குப் பாட்டில் மாதிரி எனக்கு அந்த ட்யூப் ஆகிவிட்டது என்று டாக்டர் சொல்லவில்லை, நானே சொல்லிக்கொண்டேன். அதில் இருந்தது ஸ்டீராய்டு, தோல் காகிதம் மாதிரி ஆகிவிட்டது, இருந்த வியாதியை இது வளர்த்துவிட்டது என்றுதான் அவர் சொன்னார். இருந்தும் பாருங்கள், கடைக்குள் நுழைந்ததும் நான் முதலில் கேட்டது நுரை வராத பாட்டிலை இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு அந்த க்ரீமைத்தான் கேட்டேன். அம்மாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "சீட்டு இருக்குங்களாண்ணா?" "இல்லீங்க. ரெண்டு நாளைக்குத்தானுங்க." "ஏற்கெனவே போட்ட மூஞ்சி இது, பாத்தாலே தெரியுது. நான் தர மாட்டேன். எதுத்தாப்புல இருக்கற கடைல கேக்காமயே தருவாங்க, அது உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுத்தான் இந்த மூன்றையும் எடுத்து வைத்தார். இது எத்தனை நாளில் கேட்கும் என்றேன். "இது மருந்தில்லீங்ணா. எரிச்சல் பண்ணாம கழுவிவிடும், அவ்வளவுதான். ஆறு எட்டு வாரம் இதையே போட்டு, வெயில் படாம பாத்துக்கிட்டா தோல் கொஞ்சம் தேறும். மொதல்ல தாடைக்குக் கீழ போட்டுப் பாருங்க, மூணு நாள் எரியலைன்னா அப்பறம் மூஞ்சிக்கு." மூன்று நாள். தாடைக்குக் கீழேயே மூன்று நாள் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு இருப்பது ஒன்றரை நாள்.

எதிர்த்தாற்போல் அந்தக் கடை தெரிகிறது. நடுவில் ஒரு ரோடு, பஸ் ஒன்று நின்று ஆளை ஏற்றுகிறது, அது நகர்ந்தால் பத்தடி. போய் வாங்கினால் என்ன? அவளுக்காகத்தானே. இருபத்தெட்டு நடக்கிறது சிந்துஜாவுக்கு. ஸ்கூலில் கணக்கு எடுக்கிறாள், ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் அவள் குரலுக்குப் பயப்படுவார்களாம், வீட்டில் அந்தக் குரலே வராது. இந்தப் பையனோடு இரண்டு தடவை போனில் பேசியிருக்கிறாள், இரண்டு தடவையும் மொட்டை மாடிக்குப் போய் ஒரு மணி நேரம் கழித்து இறங்கினாள், இறங்கும்போது படியில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். பிடிச்சிருக்காம் என்று ருக்மணி சொன்னாள். அவளுக்குப் பிடித்திருக்கிற ஒன்றை நான் என் மூக்கால் கெடுக்க வேண்டுமா? முகத்தை விடு, கிழவன் முகம், காகிதமானால் என்ன, கிழிந்தால் என்ன. பஸ் நகர்ந்துவிட்டது. கால் எழவில்லை. ஏன் எழவில்லை என்றால் அந்தச் சாயங்காலம் குறுக்கே வந்து நிற்கிறது, அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. போன மாசம் மண்டியில் ஏலம் இழுத்துவிட்டது, வெயிலில் நின்று முகம் தீயாக வீட்டுக்கு வந்தேன். சிந்துஜா கூடத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். எழுந்து வந்தாள். சட்டைக் காலர்ல மஞ்சள் ஒட்டியிருக்குப்பா என்று பக்கத்தில் வந்து தட்டிவிட்டாள், தட்டிக்கொண்டே முகத்தை என் வாய்ப்பக்கம் கொண்டுவந்து மூச்சை இழுத்தாள். மெல்லத்தான் இழுத்தாள். நான் பெற்ற பிள்ளை, அவள் மூச்சு எனக்குத் தெரியாதா? மோந்து பார்த்தாள். பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்து அடுத்த விடைத்தாளை எடுத்தாள். பவானிக்காரன் நினைக்கட்டும், டீக்கடைக்காரன் நினைக்கட்டும், ஈஸ்வரமூர்த்தி சிரிக்கட்டும். இவளுக்குச் சந்தேகம் வந்ததே. இவளுக்கும் என்னிடம் கேட்கத் தோன்றவில்லையே. அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை, வெயில் என்றேன். யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது, அடிப்பதற்கு வீட்டில் ஆள் யாரும் இல்லை.

இல்லை, போக மாட்டேன் எதிர்க் கடைக்கு. எதற்குப் போக வேண்டும்? செய்யாத தப்பை மறைப்பதற்கு எவனாவது மூஞ்சியை வெளுப்பானா? வெளுத்தால் அது ஒப்புக்கொண்ட மாதிரிதானே. ஞாயிற்றுக்கிழமை வெள்ளையாக நின்றுவிடலாம், கல்யாணத்தன்றைக்கு? சீமந்தத்துக்கு? அவர்கள் வருகிற போதெல்லாம் இரண்டு நாள் முன்னாலிருந்து பூசிக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? கேட்டால்தான் சொல்ல முடியும் என்று எத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்காவிட்டால் என்ன, நானே சொல்கிறேன். டாக்டரிடம் சொன்ன மாதிரி. இல்லைங்க, குடிக்கறதில்லைங்க, இது தோல் வியாதி. நாலு வார்த்தை. பெருந்துறை மனுஷரும் சரி என்று சொல்லப் போகிறார். ஜாதகக் காகிதம் சட்டைப் பையில்தான் இருக்கிறது, அதன் கீழே அவர் நம்பர் இருக்கிறது. சிவசாமி, பையனின் தகப்பனார், எண்ணெய் மில் வைத்திருக்கிறார், நல்ல மாதிரி என்று கேள்வி. பெண்ணின் அப்பன் நேராக இப்படிக் கூப்பிட்டுப் பேசுகிற வழக்கமில்லை, நடுவில் ஆள் வைத்துத்தான் பேசுவது, அந்த ஆள் ஈஸ்வரமூர்த்தி. போகட்டும் வழக்கம். வெள்ளைப் பாட்டிலை எடுத்து வைத்துக்கொண்டேன். இதுதான், முடிவு பண்ணியாயிற்று, எட்டு வாரம் ஆனால் ஆகட்டும். கடையின் ஓரமாக எடை பார்க்கிற மிஷின் பக்கம் போய் நின்று நம்பரை அழுத்தினேன். வெகுநாள் கழித்து நல்ல கோபமாக இருந்தது அது, முதுகை நிமிர்த்துகிற கோபம்.

"வணக்கமுங்க, ஈரோட்லிருந்து நாச்சிமுத்து பேசறனுங்க, சிந்துஜா அப்பா." "அட, சொல்லுங்க சம்பந்தி" என்றார். இன்னும் பார்க்கவே இல்லை, அதற்குள் சம்பந்தி. எனக்குக் குரல் இளகிவிட்டது. "ஒண்ணு சொல்லோணுமுங்க. நேர்ல பாக்கறப்ப நீங்க தப்பா நெனச்சரக் கூடாது. எம் மூஞ்சி கொஞ்சம் செவந்து கெடக்குமுங்க, மூக்கும் கன்னமும்" என்று ஆரம்பித்தேன். "அது தெரியுமுங்களே" என்றார். எப்படி என்றேன். "உங்க மச்சான் போன வாரமே மில்லுக்கு வந்து எல்லாம் சொல்லிட்டாருங்க. சாயங்காலத்துல எப்பவாச்சும் கொஞ்சம் சாப்புடுவாரு, சத்தம் கித்தம் கெடையாது, மத்தபடி எங்க மாப்ள தங்கமான மனுசன்னாரு. நாங்களும் உங்க தெருவுல கேட்டமுங்க, அதேதான் சொன்னாங்க. மறைக்காம சொன்னாரு பாருங்க, அதான் எங்களுக்குப் புடிச்சுப் போச்சு." எடை மிஷினில் சின்னச் சின்ன விளக்குகள் சுற்றிக்கொண்டிருந்தன, சிவப்பு, பச்சை, சிவப்பு. ஈஸ்வரமூர்த்தி போன வாரமே போயிருக்கிறார். போய்ச் சொல்லிவிட்டு வந்துதான் இன்றைக்கு க்ரீம் பூசச் சொல்கிறார். தங்கமான மனுசனாம். "இல்லீங்க" என்றேன், என் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது, "நான் குடிக்கறதே இல்லீங்க. ஒரு நாளும் இல்லீங்க. இது தோல் வியாதி, டாக்டர் சீட்டு இருக்குதுங்க." அடுத்து வந்த குரலில் சம்பந்தி இல்லை. "ஏனுங்க, குடிக்கறது எங்களுக்கு ஒரு பெரிய விசயமில்லீங்க, இன்னிக்கு யாரு குடிக்கல. ஆனா இருக்கறத இல்லைங்கறதுதான் எங்களுக்கு ஆகாது. எங்க மூத்தவனுக்குப் பொண்ணெடுத்த எடத்துல அப்படித்தான் ஒண்ண மறைச்சாங்க, இப்ப கோர்ட்டுல நிக்கறோம். உங்க மச்சான் பொய் சொல்லிட்டாருங்களா, இல்ல தெருவுல எல்லாருமா பொய் சொன்னாங்களா? நீங்களே சொல்லுங்க."

நீங்களே சொல்லுங்க. இதோ ஒருவர் கேட்டுவிட்டார். கேட்க வேண்டும் என்று எத்தனை நாள் காத்திருந்தேன், கேட்டுவிட்டார், உண்மையைச் சொன்னால் அது பொய்யாகிற மாதிரி கேட்டுவிட்டார். மச்சான் பொய் சொன்னார் என்றால் நாங்கள் பொய் சொல்கிற குடும்பம். மச்சான் உண்மை சொன்னார் என்றால் நான் பொய் சொல்கிறவன். தெருவே பொய் என்றால் நான் பைத்தியக்காரன். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஞாயிற்றுக்கிழமை வரமாட்டார்கள், யோசித்துச் சொல்கிறோம் என்பார்கள், அவள் மொட்டை மாடியிலிருந்து பாட்டில்லாமல் இறங்கி வருவாள். போனை மறு காதுக்கு மாற்றினேன். வியர்வையில் வழுக்கியது. டாக்டர் சீட்டைக் கொண்டுபோய் மில்லில் காட்டலாம், சீட்டை எவன் வேண்டுமானாலும் வாங்கலாம் என்பார். ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லலாம், பெண்ணின் அப்பன் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு வந்தான் என்று பெருந்துறை முழுக்கச் சிரிக்கும். ஈஸ்வரமூர்த்தியைக் கிழித்துப் போடலாம், நீதான்டா குடிகாரன் என்று ஊரைக் கூட்டிச் சொல்லலாம், சொன்னால் ருக்மணி அண்ணனையும் பிடித்துக்கொண்டு என்னையும் பிடித்துக்கொண்டு நடுவில் நின்று அழுவாள், கல்யாணப் பேச்சு தெருவோடு போகும். ஐம்பத்துநான்கு வருஷம். மண்டிக்காரர்களோடு கோவில் திருவிழாவுக்குப் போனபோது, வண்டியில் ஊற்றிக்கொடுத்ததை வேண்டாம் என்று இறங்கி ஏழு மைல் நடந்தவன் நான். எவனுக்காக நடந்தேன்? "ஹலோ, இருக்கீங்களா?" என்றார். இருக்கிறேன் என்றேன். "எப்பவாச்சுந்தானுங்க" என்றேன். "கூச்சத்துல அப்படிச் சொல்லிட்டனுங்க."

"அப்படிச் சொல்லுங்க" என்று சிரித்தார், வாய்விட்டு, பெரிய பாரம் இறங்கின மாதிரி. "இப்பத்தான் மனசுக்கு ஆச்சு சம்பந்தி. உள்ளதச் சொல்ற மனுசங்க வூட்லதான் பொண்ணெடுக்கோணும். நல்ல நாளா இருக்கு, ஞாயித்துக்கெழமயே பூ வெச்சரலாம். அப்பறம் ஒரு நாள் நம்ம தோட்டத்துக்கு வாங்க, நாம ரெண்டு பேரும் தனியா ஒக்காருவோம். நானும் எப்பவாச்சுந்தான்." வைத்துவிட்டார். நான் போனைப் பார்த்தேன். பூ வைக்கிறார்கள். சிந்துஜாவுக்கு முடிந்துவிட்டது, அவளுக்குப் பிடித்த பையன், தலையில் பூ. சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிகிறது. இனி யார் கேட்டாலும் நான் இல்லை என்று சொல்ல முடியாது, அப்பாவே ஒத்துக்கொண்டார் என்று அவள் காதுக்கும் ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேரும், பிறகு ஒரு நாள் தோட்டத்தில் ஒரு கிளாஸை என் முன்னால் வைப்பார்கள், அதை என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. கையில் வெள்ளைப் பாட்டில் இன்னும் இருந்தது, அமுக்கிப் பிடித்ததில் நெளிந்திருந்தது. மேஜைக்குத் திரும்பி வருகிறேன். அம்மாள் சர்க்கரை மாத்திரைக்காரரை அனுப்பிவிட்டுச் சும்மா நிற்கிறார். பாட்டிலை வாங்கிக் கவரில் போட்டு, "தேய்க்காம கழுவுங்க, துண்டால ஒத்தி எடுங்க" என்றவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்துகிறார். "என்னங்ணா, வந்தப்ப இருந்ததுக்கு இப்ப ரொம்பச் செவந்திருச்சே. வெளிய வெயில்ல நின்னீங்களா?" "இல்லீங்க. பொண்ணுக்கு எடம் முடிஞ்சிருச்சு, இப்பத்தான் போன்ல சொன்னாங்க." அம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படீங்களா, நல்லதுங்ணா. சந்தோசத்துலயும் செவக்குமுங்க இது, பரவால்ல" என்கிறார். ஆமாங்க, சந்தோசந்தான் என்கிறேன். ஐந்து நிமிஷத்துக்குள் இது இரண்டாவது பொய்.